ஆட்டுக்கு எது காவல்?

ஆட்டுக்குக் கூரிய நகம் கிடையாது. கோரைப் பல் கிடையாது. புலி மேல் பாயவும் அதனால் முடியாது. ஆனாலும் ஆடு புலியைக் கட்டிப் போடுகிறது! எங்கே? ஆடு புலி ஆட்டத்தில்தான்.

காவாந்தண்டலம் போன்ற ஊர்களில் இதற்குக் காசு வேண்டாம். திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்தால் பலகை தயார். புலி 3. ஆடு 15. உச்சியிலிருந்து 4 சாய்ந்த கோடுகள் இறங்கும். குறுக்கே 3 நீளக் கோடுகள். அவற்றின் முனைகளைச் சேர்க்க இருபுறமும் ஒரு கோடு. அடியில் ஒரு கோடு. மொத்தம் 23 புள்ளிகள். (ஊருக்கு ஊர் சிறு மாற்றம் உண்டு.) ஒருவர் மாற்றி ஒருவர் ஆடவேண்டும். ஆட்டுக்கு அடுத்த புள்ளி நேர்கோட்டில் காலியாக இருந்தால் புலி தாண்டும். ஆடு போச்சு! எல்லாப் புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு வென்றது.

இடம் தரும் பலம்

இப்போது ஒரு கணக்கு. எந்த இடத்தில் ஆட்டுக்குப் பயமில்லை?

உச்சியில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது. அதற்கு அப்பால் புள்ளியே இல்லை! அடிக்கோட்டின் 2 மூலைகளும் அப்படியே. நீளக் கோடுகள் ஆக்கும் பெட்டியின் 4 மூலைகளும் அப்படியே. ஆக 7 இடங்கள் கோட்டை மாதிரி. அடிக்கோட்டின் நடுவில் 2, பெட்டியின் இருபுறமும் நடுவில் 2, ஆக 4 இடங்களில் ஒரே ஒரு கோட்டில்தான் ஆபத்து. மீதி 12 இடங்களில் இரண்டு கோடுகளிலும் ஆபத்து. அங்கே நாலு திசையும் பார்க்கவேண்டும்.

அந்த 12 இடங்களில் நிற்கும் ஆட்டை யார் காப்பது? பின்னால் நிற்கும் இன்னொரு ஆடு! புலி ஒரு தாவலில் ஒரு ஆட்டைத்தான் தாண்டலாம். பின்னால் துணை இருந்தால் புலி வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். ஆனால் ஒன்று: பக்கவாட்டில் நிற்கும் துணை, மேலிருந்து வரும் புலியைத் தடுக்காது. எந்தப் பக்கம் புலியோ, அதற்கு எதிர்ப்பக்கம் துணை வேண்டும். முதலில் காலியான மூலைகளைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே வருகிறவனே கெட்டிக்காரன்.

பேரப்பிள்ளைகள் இன்று கணிப்பொறியில் ஆடுவதும் இதே சங்கதிதான். 2005-ல் வந்த 'சிவிலைசேஷன்' நாலாம் ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு சாதாரண வீரனின் பலம் 2. காட்டில் நின்று காத்தால் 50 சதவிகிதம் கூடும். குன்றானால் 25. இடம் மாறாமல் அரண் அமைத்து நின்றால் முறைக்கு 5 வீதம் ஏறி 25 வரை கூடும். காடடர்ந்த குன்றில் 5 முறை அசையாமல் நின்றவனுக்கு மொத்தம் 100 சதவிகிதம். பலம் 4 ஆகிவிடும்! ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்குவதில்லை; எல்லாவற்றையும் கூட்டி, ஒரே தடவைதான் ஏற்றுகிறார்கள். பையனை அதட்டும் முன் இந்தக் கணக்கை அவனிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லிவிட்டால், வட்டிக் கணக்கும் அவனுக்கு வரும்.

என் மனக்குறை வேறு. பழைய கோயில் மண்டபங்களில் தரைக் கல்லிலேயே இந்த ஆட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திருப்பணி என்ற பெயரில் அதன் மேல் வழவழப்பான புதுக் கல்லைப் பதித்துவிடுகிறார்கள். கால் வழுக்குகிறது, கோடும் போய்விடுகிறது. குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குக் கிடைத்தது எப்படி? சுவர்க் கல்லை யாரும் மூடவில்லை, அதனால்தானே? பராந்தக சோழன் காலத்து எழுத்துக்கு ஒரு நியாயம், குழந்தைகளின் கோட்டுக்கு இன்னொரு நியாயமா? ராஜா செதுக்கச் சொன்னதல்லதான். யாரோ ஒரு சாதாரண ஆள் உட்கார்ந்து உளியால் கீறியது. அதனாலேயே எனக்கு அதன்மேல் ஆசை அதிகம்.

தரையை மாற்றத்தான் வேண்டுமென்றால், அந்த ஒரு கல்லை மட்டுமாவது பெயர்த்து ஓரமாகப் பதியுங்கள். மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது போய்க் குனிந்து பாருங்கள். தேய்ந்த கோடும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.