"கோட்டா இருந்துமா சீட்டு கெடைக்கல?"

கால்நடை மருத்துவக் கலந்தாய்வு முடிந்த மறுநாளிலிருந்து திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள காலனிகளில் இந்தக் கேள்வி நடமாடத் தொடங்கிவிடும். ஊர்த்தெருப் பெட்டிக்கடைக்காரர் கேட்பார். டிசி வாங்கப் போன இடத்தில் கேட்பார்கள். கேட்பவர் முகத்தில் அனுதாபம் இருக்கும், குரலில் இருக்காது. எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்திலிருந்து இந்த ஆண்டு பி.வி.எஸ்சி.க்கு விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் இடம் கிடைக்கவில்லை. மூவர் காதிலும் இந்தக் கேள்வி விழுந்தது. அதில் ஒரு தங்கை எட்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க அரசுக் கல்லூரிகள் ஏழு. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் நம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. அந்த 18-க்குள் போட்டி போடுபவர்கள் வேறு யாருமில்லை, நம் பிள்ளைகள்தான். அப்பா அம்மா இருவரும் அரசு ஊழியர்களாக இருந்து, நாமக்கல் பக்கம் உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஏழு மாதம் இயற்பியல் ஆசிரியரே இல்லாமல் படித்த எங்கள் தங்கையும் அதே வரிசையில்தான் நின்றாள். அரை மதிப்பெண்ணில் ஒரு கூட்டமே நிற்கும் வரிசை அது. இதில் "கோட்டா இருந்துமா" என்ற அந்த 'உம்'முக்கு என்ன வேலை?

அந்த 'உம்'முக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்புவாரி அரசாணையின்படி சென்னை மாகாணத்தில் பதினான்கு இடங்களுக்கு இரண்டு என்று ஆதித்திராவிடருக்குக் கொடுத்துவந்தார்கள். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் மறுக்கப்படும் என்று செண்பகம் துரைராஜன் 1950-ல் வழக்குப் போட்டார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையைச் செல்லாது என்றது. பெரியார் தெருவில் இறங்கினார், நாடாளுமன்றத்தில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்காமல் போன இடத்துக்காக ஒரு நாடே விவாதித்தது. விண்ணப்பித்து, வரிசையில் நின்று, இடம் கிடைக்காமல் திரும்பி வந்த சேரிப் பிள்ளையிடம் மட்டும் "உனக்கு என்ன குறை" என்று கேட்கிறார்கள்.

இனி அந்தத் தங்கையின் கதை. அவள் அப்பா பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். கறப்பது, கழுவுவது, மேய்ப்பது எல்லாம் அவர்தான். மாடு செத்தால் இழுத்துப்போய்ப் புதைப்பதும் அவர்தான். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் வந்து கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தாராம். அந்த மருத்துவருக்கு வீட்டுக்காரர் திண்ணையில் நாற்காலி போட்டு, டம்ளரில் காபி கொடுத்தார். விடியவிடிய மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கொட்டகை ஓரம் நின்றார். அன்றைக்கு முடிவு செய்ததாகச் சொன்னாள்.

தை இரண்டாம் நாள் திருவூடல் அன்று அண்ணாமலையார் கோயில் நந்திக்குக் காய், கனி, இனிப்பு என்று மாலை மாலையாகச் சாத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கார்த்திகை தீபத்துக்கு மாட்டுச் சந்தையும் கூடும். கல் மாட்டுக்கு மாலை, உயிர் மாட்டுக்கு விலை. செத்த மாடு மட்டும் நமக்கு. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் செத்த மாடு தூக்குவதை விடுங்கள் என்று அண்ணல் அழைப்பு விடுத்தார். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு கழித்து, 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பிறகு சுரேந்திரநகரில் நம் மக்கள் மாட்டுச் சடலங்களை ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் மாடு, நீங்களே பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். உயிரோடு இருக்கும் மாட்டின் பாலுக்கும் இதே நிலைதான். பதினொரு மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த தீண்டாமை ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. கிட்டத்தட்ட பாதி கிராமங்களில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு தலித் வீட்டுப் பாலை விற்க முடியவில்லை என்று அதில் இருக்கிறது. ஆகவே காலனியிலிருந்து ஒரு பெண் கால்நடை மருத்துவராக வேண்டும் என்று நினைப்பதை "நல்ல வேலை, நல்ல சம்பளம்" என்ற கணக்கில் மட்டும் அடைத்துவிட முடியாது. அது கிடைக்காமல் போனபோது அவள் எட்டு நாள் சுருண்டு கிடந்ததை நாங்கள் பலவீனமாகப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த எட்டு நாளில் வெளியே நடந்த வேலைகளைப் பாருங்கள். மாமா ஒருவர் நர்சிங் என்றார். பள்ளி ஆசிரியர் ஒருவர் "ஏதோ ஒரு டிகிரி, சேர்த்துவிடுங்க" என்றார். ஐந்தாம் நாள் இரு சக்கர வண்டியில் ஒரு ஏஜென்ட் வந்தார். கால்நடை உதவி மருத்துவர் டிப்ளமோவாம், ஒரே வருடமாம், அறுபதாயிரமாம், முடித்ததும் ஊசி போட்டுச் சம்பாதிக்கலாமாம். அப்பா இரண்டு ஆட்டை விற்று ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். மகள் அழுவதைப் பார்க்க முடியாமல் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தம்பி, தங்கைகளே, இதை மட்டும் மனதில் எழுதி வையுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டம் பெற்றுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்க முடியும். மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்த சில சிறு சேவைகளை மட்டும், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், டிப்ளமோ அல்லது சான்றிதழ் வைத்திருப்பவர் செய்யலாம். 'உதவி மருத்துவர்' என்று அச்சடித்த அட்டை யாரையும் மருத்துவர் ஆக்காது.

ஏஜென்ட் ஐந்தாம் நாள் வந்தது தற்செயல் கிடையாது. அரசு கலைக் கல்லூரிகளின் விண்ணப்பம் மே மாதம், கலந்தாய்வு ஜூன் வாக்கில். கால்நடை மருத்துவக் கலந்தாய்வு அதற்கெல்லாம் பிறகு. "எனக்கு வெட்னரிதான்" என்று ஒற்றை நம்பிக்கையில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை என்ற செய்தி வரும்போது அரசுக் கல்லூரிகளின் கதவு பாதி மூடியிருக்கும், தனியாரின் மேனேஜ்மென்ட் கோட்டா அகலத் திறந்திருக்கும். காசு இருக்கிற வீட்டில் இதற்குப் பெயர் 'ஒரு வருடம் ரிப்பீட்'. நம் வீட்டில் இதற்குப் பெயர் கடன். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது என்று மத்திய அரசு 2018-ல் நெறிமுறை கொண்டுவந்ததையும் எந்த ஏஜென்டும் சொல்லமாட்டார். "எஸ்.சி.ன்னா ஃப்ரீதாம்மா" என்றுதான் சொல்வார்.

இங்கே நம் இயக்கங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 14-க்குப் பேனர் கட்டுகிறோம், டிசம்பர் 6-க்கு ஊர்வலம் போகிறோம். மே மாதத்தில் பிரவுசிங் சென்டர் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதோடு இன்னும் இரண்டு விண்ணப்பம் சேர்த்துப் போடு" என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் இருந்தோம்? எங்கள் மையமும் இதில் குற்றவாளிதான். மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும்தான், அதுவும் எங்கள் அக்கா ஒருவரின் வற்புறுத்தலில், கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் அவள் வந்தாள். "அண்ணா, எது படிச்சாலும் அது வெட்னரி இல்லதானே" என்றாள். சரிதான், இல்லை. நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: வெட்னரியில் உனக்கு எது வேண்டும்? மாடா, அரசு வேலையா, 'டாக்டர்' என்ற பெயரா, அந்தத் திண்ணை நாற்காலியா? எதுவாக இருந்தாலும் வெட்கப்படாமல் சொல் என்றோம். ஏனென்றால் ஒவ்வொரு பதிலுக்கும் போகிற வழி வேறு. மாட்டையும் பாலையும் விட முடியாதென்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்திலேயே பால்வளம், கோழியினம், உணவுத் தொழில்நுட்பம் என்று பி.டெக். இருக்கிறது. கணிதப் பாடம் கேட்கும் படிப்பும் அதில் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். வேளாண்மை என்றால் நம் மாவட்டத்து வாழவச்சனூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. மீன்வளம் என்றால் நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. கடலையே பார்க்காத நமக்கு எதற்கு என்று சிரிக்க வேண்டாம், சாத்தனூர் அணையில் பிடிபடுவதும் மீன்தான். அதிகாரம் வேண்டும் என்றால் இந்திய வனப் பணித் தேர்வை எழுத கால்நடை மருத்துவப் பட்டமும் செல்லும், விலங்கியல் பட்டமும் செல்லும். இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. அறிவிக்கையைத் திறந்து வரியைக் காட்டினோம். காட்டு விலங்குகள் மீது ஆசை என்றால் விலங்கியல் முடித்து மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை படிக்கலாம். 'டாக்டர்' என்ற பெயர்தான் வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வாங்கினாலும் அதே இரண்டு எழுத்துதான் முன்னால் வரும் என்றோம். முதல்முறையாகச் சிரித்தாள்.

எங்களில் ஒருவர் பதினாறு ஆண்டுக்கு முன் இதே பட்டியலில் இடம் கிடைக்காமல் சமூகவியலில் வந்து விழுந்தவர். முதல் இரண்டு வருடம் "நானாகத்தான் இதை எடுத்தேன்" என்று பொய் சொல்லித் திரிந்தார். ஏன் இயற்பியல் ஆசிரியர் காலனிப் பள்ளியில் நிற்பதில்லை என்ற கேள்வியைப் புள்ளிவிவரத்தோடு கேட்க அந்தப் படிப்புதான் சொல்லிக்கொடுத்தது என்று இப்போது சொல்கிறார். ஆனாலும் மாடு கன்று போடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் அவர் நின்றுவிடுவார். இரண்டும் உண்மை.

"நடந்ததெல்லாம் நன்மைக்கே" என்ற ஆறுதலை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் சமஸ்கிருதம் கேட்டார், தீண்டத்தகாதவன் என்று மறுத்தார்கள், பாரசீகம் எடுத்தார். பாரசீகத்தில் நன்றாகவே தேறினார். அதற்காக அந்த மறுப்பு நன்மை ஆகிவிடாது, அது அநீதிதான். மறுக்கப்பட்ட அந்த நூல்களையே எடுத்து வைத்துக்கொண்டு 1946-ல் 'சூத்திரர்கள் யார்?' எழுதினார். நம் பிள்ளை விலங்கியலில் தங்கப் பதக்கமே வாங்கினாலும், ஏழு மாதம் ஆசிரியர் இல்லாத அந்த வகுப்பறைக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021 சட்டம் கால்நடை மருத்துவத்துக்கும் கொடுத்திருக்கிறது, நல்லது. ஆசிரியரைக் கொடுக்காமல் ஒதுக்கீட்டை மட்டும் கொடுத்தால் அதன் பலன் எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும். காலிப் பணியிடப் பட்டியல் கேட்டு நாங்கள் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறோம். உங்கள் ஒன்றியத்துக்கு நீங்கள் போடுங்கள்.

தங்கை காலியிடச் சேர்க்கையில் அரசு கலைக் கல்லூரி விலங்கியலில் சேர்ந்துவிட்டாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. மற்ற இருவரில் ஒரு தம்பி நீட் எழுதி, அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீதத்தில் இன்னொரு முறை பார்ப்பேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அதுவரை சும்மா இராமல் மையத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். மூன்றாமவன் இன்னும் யாரிடமும் பேசவில்லை.

ஏஜென்டிடம் கொடுத்த ஐயாயிரத்தில் மூவாயிரம் திரும்ப வந்துவிட்டது. முதலில் "அட்மிஷன் போட்டாச்சு" என்றார். ரசீது கேட்டோம், இல்லை. சட்டத்தின் நகலைக் கையில் கொடுத்தோம், அன்று மாலையே மூவாயிரம் வந்தது. மீதி இரண்டாயிரத்துக்கு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அலுவலகத்துக்குப் போகிறோம். தங்கையின் அப்பாவும் வருகிறார். செங்கம், போளூர் பக்கம் இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், கொடுத்த தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே போவோம்.