எழுபது கிராம் மருந்து

செம்பூரில் என் மேஜைக்கு வரும் மொழிபெயர்ப்பு வேலைகளுக்கு வரைமுறை கிடையாது. குக்கர் உத்தரவாத அட்டை வரும், இன்சூரன்ஸ் படிவம் வரும். சென்ற மாதம் துப்பாக்கி வந்தது. குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் கெட்டிக்கிற ரைஃபிளுக்குக் குறியைச் சரிசெய்வது எப்படி என்று ஓர் அமெரிக்கக் கையேடு.

பழங்கதை என்று ஒதுக்க முடியாது. நமது 1959ஆம் வருட ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது.

அகராதிகளின் துணையுடன் முடித்துவிட்டேன். ஆனாலும் உறுத்தல். தமிழ் எம்.ஏ. படிப்பில் துப்பாக்கி பாடம் இல்லை. தாராவியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்தவர். அவருடைய அப்பா நாட்டுத் துப்பாக்கியுடன் கடலைக் காட்டுக்குக் காவல் இருந்தவராம். அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

முதல் பக்கத்திலேயே கையை உயர்த்தினார். "தம்பி, எழுபது கிராம் மருந்தா? குழல் பிளந்துரும். சுடுறவன் மூஞ்சி மிஞ்சாது."

மூலத்தைப் புரட்டினேன். அங்கே இருந்தது கிரெய்ன். தானியமணியின் எடையிலிருந்து பிறந்த அளவு. நம் தட்டார்கள் குன்றிமணியால் நிறுத்த மாதிரி. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். எழுபது கிரெய்ன் என்றால் நாலரை கிராம். நான் எழுதியது அதைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல்.

மற்றதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து, ஒரே கனத் துணி, ஒரே அழுத்தம். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்து, முதலில் 25 கஜத்தில் சுட வேண்டும். ஒரு குண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்று சுட்டு, அவை எங்கே கூடி விழுகின்றன என்று பார்க்க வேண்டும். கருமருந்து கரியை விட்டுச் செல்லும்; ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைக்காவிட்டால் அடுத்த குண்டு அதே மாதிரி இறங்காது. குண்டுகள் இடது பக்கம் கூடினால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்துவதானால் நேர் எதிர்ப்பக்கம்.

இந்தக் கடைசி வரியையும் நான் தலைகீழாக எழுதியிருந்தேன். ஆனால் அதில் காட்டுப்பன்றி தப்பிக்கும், அவ்வளவுதான். கிராமில் தப்பியிருக்க வேண்டியது மனிதன்.

திரும்பும் வழியில் மாட்டுங்காவில் இறங்கிக் காபி குடித்தபோதும் மனம் ஆறவில்லை. தமிழில் வெடிக்கும் மருந்துக்கும் விழுங்கும் மருந்துக்கும் ஒரே சொல். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுத்தாளையும் பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கையையும் தமிழாக்குவது என்னைப் போன்றவர்கள்தான். பக்கத்துக்கு இத்தனை ரூபாய், நாளைக்குள் வேண்டும். சரிபார்க்க ஆளில்லை. மூலத்தைப் பார்க்க முடியாத வாசகர் தமிழை நம்பி அளந்து ஊற்றுகிறார்.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "எழுதினதும் அனுப்பிராதீங்க தம்பி. தெரிஞ்சவன் ஒருத்தனுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

கையேட்டைத் திருத்தி அனுப்பிவிட்டேன். இதற்கு முன் அனுப்பியவற்றைத்தான் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.