முழவு நமதே, மொழியும் நமதாகுக!

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து செல்லும் நம் இளைஞர் செவிகளில் இன்று புதுவகை ஆடலிசை முழங்குகின்றது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்கள் 1970, 80-களில் ஈன்ற சொல்லிசையும் துள்ளிசையும் கலந்த முழக்கம் அது. அயற்கூச்சல் எனப் புலவர் சிலர் முகஞ்சுளிப்பர். யான் சுளியேன். முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் ஒருங்கே இயக்குமாறு தம் கூட்டத்தாரை ஏவி, வன்பரணர் பாடியது இவ்வோரியையன்றோ (புறம். 152)? பல்லியக் கலவை நமக்குப் புதிதன்று! 2007-இல் ஈழத்தமிழ் மகள் மாயாவின் 'கலா' இசைத்தொகுப்பில் ஒலித்ததும் நம் உறுமியே.

குறை தாளத்திலன்று, சொல்லில். 2021-இல் அறிவும் தீயும் பாடிய 'என்சாய் எஞ்சாமி' ஒப்பாரியைச் சொல்லிசையோடு இணைத்து, நிலமற்ற உழைப்பாளர் துயரைப் பாடிற்று. அவ்வாண்டே பிரெஞ்சு இசைக்கலவையர் ஒருவர் அதனை ஆடலரங்குக்கு ஏற்ப மாற்றியமைத்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாதார் அதற்கு ஆடினர். அங்ஙனமாயின், உலகு கேட்கவே ஆங்கிலம் கலந்தோம் என்னும் கூற்று எங்கே நிற்கும்? பாட்டியர் வாய்க் கனிந்த 'எஞ்சாமி'க்கு முன் 'என்சாய்' எதற்கு? ('சாமி'யும் வடசொல்லன்றோ என்பார்க்கு விடை பிறிதோர் இதழில்.)

இளையோரே, அடுத்த பாட்டுக்கேனும் தமிழில் பெயரிடுங்கள். பெயர் தோன்றாவிடின் எழுதிக் கேளுங்கள். பத்துப் பெயர் விடுப்பேன்.