விபத்து அறிக்கை ரகசியமா?

அரசாங்கக் கோப்புகள் அனைத்தும் ஊரறிய இருக்க வேண்டும் என்று வாதிடுபவன் அல்ல நான். ராணுவத் தனி ரயில் எந்த நாளில், எந்த வழியில் போகிறது என்பதை வெளியில் சொல்லலாகாது. டெண்டர் திறக்குமுன் ஒருவர் கொடுத்த விலையை மற்றவர் அறியலாகாது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இவற்றின் நியாயம் தெரியும். ஆனால் ஒரு ரயில் ஏன் விபத்துக்குள்ளானது என்பதும் ரகசியமா?

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். வங்கத்தில் வாழும் நாம் குழந்தை குட்டிகளோடு ஊருக்குப் போகும் வண்டி அது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்து அறிக்கை தந்தார். சிக்னல் சர்க்யூட்டை மாற்றியபோது நேர்ந்த குறைகளே காரணம் என்று மறுமாதம் மாநிலங்களவையில் சாரம் மட்டும் சொல்லப்பட்டது. சி.பி.ஐ. விசாரணை நடப்பதால் முழு அறிக்கையை அப்போது வெளியிடவில்லை.

லண்டனில் கிளாப்ஹம் ஜங்ஷன் அருகே 1988 டிசம்பரில் நடந்த விபத்தில் 35 பேர் இறந்தனர். அங்கும் சிக்னல் வயரிங் கோளாறுதான். விசாரணை பகிரங்கமாக நடந்து, அறிக்கை 1989-லேயே அச்சாகி வந்தது. கம்பியைச் சரியாக நீக்காத தொழிலாளியோடு அது நிற்கவில்லை. வாரக்கணக்கில் ஓய்வின்றி வேலை வாங்கியதையும், மேலே உள்ளவர்கள் சரிபார்க்காததையும் சொல்லிற்று. வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது அதன் பிறகே.

அறிக்கை வெளியானால் ஊழியர்கள் மனம் திறந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பார்கள். தள்ளிவிட முடியாத வாதம்தான். அதற்கும் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம் என்கிறது 10-ம் பிரிவு. பொதுநலன் மேலோங்கினால், விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது 8-ம் பிரிவு. சாட்சியின் பெயரை மறைக்கட்டும்; சர்க்யூட்டில் நேர்ந்த தவற்றை மறைக்க வேண்டாம். வேறொரு நிலையத்தில் இன்று வயரை இணைத்துக்கொண்டிருக்கும் ஊழியருக்கு அது பாடமாகும்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். பதிலுக்கு முப்பது நாள் கெடு. இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீடு உண்டு. பயணச்சீட்டு வாங்கும் நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?