பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் பத்தியம் சொல்கிறார்கள்

கொல்கத்தாவின் பெஹாலாவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இணையத்துக்கு அடிமையாகிவிட்டார்கள். போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினால் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று எங்கள் குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் முழங்கினார் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். பலத்த கைதட்டல். பாதிப் பேர் ஒரு கையால் தொடையில்தான் தட்டினார்கள். மறு கையில் போன் இருந்தது.

பிள்ளைகள் தாமாகப் போய் இதில் விழுந்தார்கள் என்பதுதான் பேராசிரியரின் வாதத்துக்கு அஸ்திவாரம். சுத்தப் பொய். 2020 மார்ச்சில் மூடிய மேற்கு வங்கப் பள்ளிகள் மேல் வகுப்புகளுக்கு 2021 பிப்ரவரியில் திறந்து, ஏப்ரலில் மறுபடி மூடி, நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடியும் பூட்டினார்கள், பிப்ரவரியில் திறந்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் என்பதே ஒரு சின்னத் திரைதான். பன்னிரண்டாம் வகுப்புக்கு டேப்லெட் தருவதாக 2020 டிசம்பரில் அறிவித்த மாநில அரசு, அத்தனை லட்சம் கருவிகள் உடனே கிடைக்காததால் ஆளுக்கு 10,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டது. 'தருணேர் ஸ்வப்ன' என்று அதற்குப் பெயர். 2024இல் பதினொன்றாம் வகுப்புக்கும் நீட்டினார்கள். அரசு காசு கொடுத்தது, ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தார், அப்பா ரீசார்ஜ் செய்தார். குற்றவாளி மட்டும் பிள்ளை! அந்தப் பணத்திலும் ஒரு பகுதி யார் யார் கணக்குக்கோ போய், 2024 நவம்பரில் கைதுகள் நடந்தன. இணையத்தைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் அங்கே பதினாறு வயதுக்காரர்கள் அல்ல.

சரி, பிடுங்கிவிடலாம். இரவு பத்து மணிக்கு டியூஷன் மாஸ்டர் அனுப்பும் பிடிஎஃப்பை எதில் திறப்பது? பெஹாலா சௌரஸ்தா சந்திப்புப் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். ஒரு டியூஷன் முடிந்து அடுத்ததற்கு நடுவே, மெட்ரோ தூணடியில் எக் ரோலைக் கடித்தபடி நிற்கிறாள் ஒரு பெண். திரையில் இயற்பியல் நோட்ஸ். எண்ணெய்க் கட்டைவிரலால் தள்ளினால் ரீல்ஸ். அம்மா கூப்பிடுகிறார், "கிளம்பிட்டேன்" என்கிறாள், மறுபடி நோட்ஸ். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கூட்டத்தில் கணக்குச் சொன்னாரே பேராசிரியர், இதில் எதை எண்ணினார்?

மணிக்கணக்கை வைத்து மருத்துவர்களே முடிவு கட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இருப்பது வீடியோ விளையாட்டு தொடர்பான கோளாறு. அதற்கும் கட்டுப்பாடு கைமீற வேண்டும், படிப்பும் உறவும் பாழாக வேண்டும், பொதுவாக ஓராண்டாவது அது நீடிக்க வேண்டும். அப்படிச் சிக்கிய பிள்ளைகள் பெஹாலாவிலும் இருப்பார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்காகத்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இல் தனி கிளினிக்கே தொடங்கியது. பூட்டே வைத்தியம் என்றால் அங்கே மருத்துவர் எதற்கு? தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் விளையாட்டைச் சட்டம் போட்டே பூட்டிப் பார்த்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள். பத்தாண்டில் அந்தச் சட்டத்தையே கைவிட்டார்கள்.

ஆன்லைன் சூதாட்டம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றும் பேராசிரியர் கண் கலங்கினார். பெஹாலாவின் செல்லப்பிள்ளை, 'தாதா' சௌரவ் கங்குலிதானே பணம் கட்டி ஆடும் மை லெவன் சர்க்கிள் செயலியின் விளம்பர முகமாக இருந்தார்? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்யும்வரை இந்த வகை விளம்பரங்கள் மேட்சுக்கு மேட்ச் வந்தன. அப்போது பேராசிரியர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. தாதாவைத் திட்டினால் பெஹாலாவில் யார் கைதட்டுவார்கள்?

எங்கள் காலத்தில் மைதானத்தில் ஆடினோம் என்று பெருமூச்சு வேறு. மைதானத்தை அடுக்குமாடியாக்கியது பிள்ளைகளா?

இரவு எட்டு மணிக்கு மேல் எந்த டியூஷன் குழுவிலும் எதுவும் அனுப்பக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் அவரே ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவதைத் தன் மகன் நடத்தும் கோச்சிங் சென்டரிலிருந்து வாங்கி வரட்டும்.