ரொட்டித் துண்டும் ரசவாதமும்



சந்தோஷம் எப்போது வரும் என்று கேட்டுப் பாருங்கள். "அவர் கட்டாரிலிருந்து வந்து சேரட்டும்", "குமர் காரியம் முடியட்டும்", "மேல்மாடியும் போட்டாகட்டும்" என்றுதான் நம் வீடுகளில் பதில் வரும். அவர் வந்த பின்பும், மாடி எழும்பிய பின்பும் அதே முகம்தான். சந்தோஷத்தை நாளைக்கென்று எடுத்து வைத்துப் பழகிய உள்ளம் இன்றைக்கு அதைத் தொடுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதைப் பற்றியே ஒரு கிதாபு எழுதினார்கள். அதன் பெயர் 'கீமியாயே ஸஆதத்'. செம்பைப் பொன்னாக்கும் வித்தைக்கு ரசவாதம் என்று பெயரல்லவா? மனித உள்ளத்தைப் பொன்னாக்கும் ரசவாதம் என்பது இதன் கருத்து. அறிஞர்களுக்காக அரபியில் எழுதிய அவர்கள், இதைச் சாதாரண மக்களுக்காகத் தம் தாய்மொழியான பாரசீகத்தில் எழுதினார்கள்.

அவர்களுக்கு என்ன குறை இருந்தது? 1058ஆம் ஆண்டு தூஸில் பிறந்து, 33 வயதிலேயே பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியர். பேர், புகழ், செல்வம் எல்லாம் இருந்தன. ஆனால் 1095இல் பாடம் நடத்த வாய் திறந்தால் சொல் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்து, நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று கைவிரித்தார்கள். பிள்ளைகளின் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, பதவியை விட்டு ஷாம் தேசம் புறப்பட்டார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. நித்திரையில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், காரணமின்றி அழுதுகொண்டு வாரக்கணக்கில் கிடக்கும் பெண்ணிடம் "ஸப்ர் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இமாமவர்களும் வைத்தியர்களிடம் காட்டினார்கள். டாக்டரிடம் அழைத்துப் போவதில் வெட்கமில்லை.

கிதாபில் ஓர் உவமை வருகிறது. உடல் ஒரு நாடு, உள்ளம் அதன் அரசன், அறிவு மந்திரி. ஆசை வரி வசூலிப்பவன், கோபம் காவலன். வரிக்காரன் இல்லாமல் நாடு நடக்காது. ஆனால் அவன் அரசனின் ஆசனத்தில் ஏறிவிட்டால் குடிகளிடம் ஒன்றும் மிஞ்சாது.

கல்யாண வீட்டுக்குப் போய் வந்த இரவை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்தவளின் கழுத்து நகை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. போகும்போது நன்றாக இருந்த உங்கள் மாலை திரும்பும்போது மெலிந்துவிட்டது! அது ஒரு குண்டுமணியும் குறையவில்லை. வசூலிக்க வந்தவன் உள்ளே புகுந்துவிட்டான், அவ்வளவுதான். அடுத்த நாள் சீட்டு, அடகுக் கடை என்று பேச்சுத் தொடங்கும். கடல் கடந்து வெயிலில் நிற்கும் மனிதருக்குத் தொலைபேசியில் போகும் முதல் வார்த்தை ஸலாமாக இருந்தாலும், இரண்டாவது அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்தாக இமாமவர்கள் நன்றியைச் சொல்கிறார்கள். 'இஹ்யா'வில் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு, மண், மழை, வெயில், உழுதவன், அரைத்தவன், சுட்டவன், அவர்களின் கருவிகளைச் செய்த கொல்லன் என்று பின்னோக்கிப் போகிறார்கள். நமக்கு இது விளங்காததல்ல. 2022இல் காஸ் சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். அன்று ஒரு கோப்பை பால் தேநீர் கிடைத்தபோது வாயில் வந்த அல்ஹம்துலில்லாஹ், இன்று அதே கோப்பைக்கு வருகிறதா?

ஆகவே ஒன்று செய்து பாருங்கள். வியாபாரி கடை மூடும்போது கணக்குப் பார்ப்பதுபோல, இஷாவுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அன்று கிடைத்தவற்றில் மூன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். "ரொட்டி கருகவில்லை" என்று சின்னவன் சொன்னாலும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூப்பிடுங்கள், அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும், கேட்க ஆளில்லாமல்தான் இருக்கிறார்.

காவலனாகிய கோபத்தைப் பற்றி எழுத இம்முறை இடம் போதவில்லை. இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில்.