சந்தடியற்ற வழி

நண்பர் வீட்டில் விருந்தினராகத் தங்கும்போது எமக்கு ஏற்படும் பெருஞ் சங்கடம் யாதெனில், வேளைக்கு வேளை உண்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டியிருப்பதுதான். காலையில் இடியப்பமும் சொதியும். பத்து மணிக்குத் தேநீரும் பலகாரமும். நண்பகலில் இலை நிறையச் சோறு. "இன்னுங் கொஞ்சம்" என்ற உபசாரத்தை மறுப்பதும் மரியாதையன்று. இதற்கு நாம் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பரிகாரம் துவிச்சக்கரவண்டி. எவ்வூருக்குச் சென்றாலும் வீட்டின் பின்புறத்தில் பழைய சைக்கிள் ஒன்று சுவரோடு சாய்ந்து நிற்கக் காண்போம். அதனை இரவல் வாங்கிக் காற்றடித்து, விடியுமுன் வெளிக்கிட்டுவிட்டால் பசியோடு திரும்பலாம். வீட்டாருக்கும் இரண்டு மணி நேரம் எமது தொல்லை இராது.

சென்ற மாசியில் நீர்வேலியிலுள்ள நண்பர் வீட்டில் ஐந்து நாள் தங்கியிருந்தோம். வலிகாமத்தின் செம்மண் ஊர்களுள் ஒன்று, வாழைக்குப் பேர்போனது. அங்கேயும் கொட்டிலில் ஒரு சைக்கிள் நின்றது. உயர்ந்த சட்டம், நீண்ட பார், வளைந்துபோன கரியர். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டில் அதனை வெளியே எடுத்துச் சில மாதங்கள் ஓடினாராம் நண்பர். பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பழையபடி கொட்டிலுக்கே அனுப்பிவிட்டார். "அது முப்பது வருசத்துக்கு மேற்பட்ட சாமான். நம்பிப் போகேலாது" என்றார். சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் பின் ரியூப்புக்கு இரண்டு ஒட்டுப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு மிதித்துப் பார்த்தோம். நண்பரைக் காட்டிலும் அது நம்பத்தக்கதாகவே இருந்தது.

முதல் நாள் பிழைவிட்டோம். வல்லை வெளி வரை சென்று வருவதென எண்ணிப் பருத்தித்துறை வீதியில் ஏறினோம். நேரமோ ஏழு மணி கடந்துவிட்டது. பஸ் வண்டிகள் ஒன்றையொன்று முந்துகின்றன. கல்லேற்றிய ரிப்பர் வண்டி பின்னால் வந்து ஊதுகிறது. பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிய முச்சக்கரவண்டி எமது முழங்கையை உரசிச் செல்கிறது. வீதியோரத்து மணலில் இறங்குவதும் ஏறுவதுமாகச் சிறுப்பிட்டியைத் தாண்டியவுடனேயே வல்லை வெளியை மறந்து திரும்பிவிட்டோம். இயற்கைக் காட்சி என்று அன்று கண்டது, எமக்கு முன்னே சென்ற பஸ்ஸின் பின்புறம் மட்டுமே.

"நீங்கள் வழி கேட்ட முறை பிழை" என்றார் நண்பர்.

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எவரும் பெரிய வீதியைத்தான் காட்டுவர். வந்தவர் வழிதவறக்கூடாதே என்பது அவர்களுடைய கவலை. கைத்தொலைபேசியிலுள்ள வரைபடமும் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுமேயன்றி, ரிப்பர் வண்டியின் புழுதியை அறியாது. ஆகவே இடத்தைக் கேட்காமல் ஆளைக் கேட்கவேண்டும். நீங்கள் பள்ளிக்கூடம் போன வழி எது? தோட்டத்து மரக்கறியை எந்த ஒழுங்கையால் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள்? பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகள் எவ்வழியால் வருகிறார்கள்? இப்படிக் கேட்கத் தொடங்கியதும் அந்த வீட்டில் ஒரு சிறு கலகமே மூண்டுவிட்டது. நண்பர் ஒரு வழி சொல்ல, அவர் மனைவி வேறொன்று சொல்ல, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், "அப்பாக்கு ஒண்டும் தெரியாது மாமா, நான் கீறித் தாறன்" என்று அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்தாள்.

அந்தப் படத்தை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அதில் தூரமில்லை, திசையுமில்லை. "இதிலை கடிநாய்", "பெரிய புளி", "மழைக்குத் தண்ணி நிக்கும்", "இந்த அம்மம்மா கதைச்சா விடமாட்டா" என்று குறிப்புகள் மட்டுமே உள்ளன. நில அளவைத் திணைக்களத்தார் வெளியிடும் படங்களில் இத்தகைய விவரங்கள் கிடையா. ஒன்று சொல்லவேண்டும்: அந்த நாய் உண்மையிலேயே துரத்தியது. இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவுடன் அதற்கு எம்மில் இருந்த அக்கறை போய்விட்டது. இவ்வுபாயத்தை மாணவர்கள் குறித்துக்கொள்க.

இரண்டாம் நாள் அப்படத்தின்படி புறப்பட்டு, பெரிய வீதிக்கு மேற்கே ஒழுங்கைகளால் அச்செழுப் பக்கமாகச் சென்று நிலாவரையை அடைந்தோம். இருபுறமும் வேலி; வேலிக்கு அப்பால் வெங்காயமும் புகையிலையும் வாழையும். இறைக்கும் இயந்திரத்தின் ஒலி சற்றுத் தொலைவில் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஓரிடத்தில் ஓய்ந்தால் இன்னோரிடத்தில் தொடங்கும். வாய்க்காலை மிதித்துவிடாதபடி சைக்கிளைத் தூக்கிக் கடந்த எம்மைக் கண்டு தோட்டக்காரர் ஒருவர் தலையசைத்தார். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, மலையில்லை. சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்த செம்மண்ணும், அக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீருமே அங்குள்ள வாழ்வுக்கு ஆதாரம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணமும் இதுவே: நன்னீர் இலேசானது, உட்புகுந்த கடல்நீரின்மேல் மிதக்கிறது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்ற கதையையும் அவ்வூரார் சொல்வர். அந்தக் கரையில் நின்று நீரைப் பார்க்கும்போது எக்கதையையும் மறுக்கத் தோன்றாது.

பழைய வழிகளைக் கண்டுகொள்ள வேறோர் அடையாளமும் உண்டு. கால்நடையாகவும் வண்டிகளிலும் மக்கள் சென்ற காலத்தில், வழியோரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் அமைத்தார்கள். சுமையை இறக்கிவைக்க ஒருவர் உதவி வேண்டாமலிருக்கவும், மாடு உடம்பை உரோஞ்சித் தண்ணீர் குடிக்கவும் நினைவோடு செய்யப்பட்டவை அவை. சிறு ஒழுங்கையொன்றில் அத்தகைய கல்லைக் கண்டால், மோட்டார் வண்டிகள் வேறு பாதை கண்டு போய்விட்ட ஒரு பழைய வழியில் நிற்கிறோம் என்று பெரும்பாலும் எண்ணிக்கொள்ளலாம். பருத்தித்துறையிலே வீதியின் குறுக்கே கூரையோடு நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் கூறுவது விளங்கும்.

ஏற்றமில்லாத நாட்டில் ஏற்றத்தின் வேலையைக் காற்றுச் செய்கிறது. மார்கழி, தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசிக்குப் பின்னர் தென்மேற்கிலிருந்து சோளகம். வேலிகளுக்கிடையே இரண்டுந் தெரியா. வெளிக்கு வந்தவுடன் மார்பில் கைவைத்துத் தள்ளுவதுபோலிருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை வகுத்துக்கொள்வதே அறிவு. காலையில் காற்று முதுகில் தள்ள உல்லாசமாகப் போய்விட்டு, வெயிலேறிய பின் அதே காற்றை எதிர்த்து மிதித்து வீடு சேர்ந்த ஒருவரை நாம் அறிவோம். அவர் பெயரைச் சொல்வதற்கில்லை. இப்பத்தியை எழுதுபவர் அவரே.

மூன்றாம் நாள் அப்படத்தை வீட்டில் வைத்துவிட்டு எமது சொந்தப் புத்தியிற் சென்றோம். ஐந்தரை மணிக்குக் கோப்பாய்ச் சந்திக்கு வந்து, கிழக்கே கைதடிக்குப் போகும் வீதியிலே திரும்பினோம். வீடுகள் முடிந்து நீரேரி தொடங்கும் இடத்தில் இருள் பிரியத் தொடங்கியது. வீதியின் இருபுறமும் தகடுபோல் நீர்; அதன் விளிம்பில் சேறும் உவர்ப்புல்லும்; எட்டத்தில் பனங்கூடல். கொக்குகளும் நாரைகளும் நின்ற நிலையில் நின்றன. மாரிகாலத்தில் வடநாடுகளிலிருந்து வந்து தங்கும் சிறு பறவைகள் கூட்டமாக எழுந்து, ஒரே துணியை உதறியதுபோல் திரும்பி, மறுபடி இறங்கின. பாலத்தடியில் ஒருவர் வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நின்றார். அரை மணி நேரத்தில் எம்மைக் கடந்தவை இரண்டு மோட்டார்ச் சைக்கிள்களும் ஒரு பாண் வண்டியும் மட்டுமே. இதைவிடச் சிறந்த வழி குடாநாட்டில் இல்லையென்று தீர்மானித்துக்கொண்டு திரும்பினோம்.

நண்பரின் தாயார் முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். எமது கண்டுபிடிப்பைச் சற்று ஆரவாரத்தோடு அவரிடம் கூறினோம். அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"கைதடி றோட்டே? அதிலை நான் போறேல்லைத் தம்பி" என்றார். சிறிது நேரங்கழித்து, "உந்தச் சைக்கிளுக்குத் தெரியும் அந்த றோட்டை" என்றார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட நாள். செம்மணி வழியாக நாவற்குழிக்கு ஒரு கூட்டம். கோப்பாய் வழியாகக் கைதடிக்கு இன்னொரு கூட்டம். மழை. மிதிப்பதற்கு இடமில்லை, இந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் சென்றார்கள். பதினைந்து வயது நண்பர் கைபிடியைப் பிடிக்க, தாயார் பின்னால் தள்ள, கரியரில் அவருடைய தையல் இயந்திரத்தின் தலை கயிற்றாற் கட்டியிருந்தது. நீரேரியின் நடுவே கரியர் வளைந்து பின் சில்லு சுற்ற மறுத்துவிட்டது. இயந்திரத்தை இறக்கி வீதியோரத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது அதைத் தேடுவதற்கு அவர் போகவில்லை. அன்று முதல் நீர்வேலியிலிருந்து சாவகச்சேரிக்குப் போவதானாலும் சுற்றிச் செம்மணியால்தான் போவாராம்.

நாம் என்ன சொல்வதென்றறியாமல் நின்றோம். ஒரு மணி நேரத்திற்கு முன் நாம் புகழ்ந்த அமைதியை அவர் வேறொரு பெயரால் அறிவார்.

அதன்பின் எந்த வீதி அமைதியாயிருந்தாலும், அது ஏன் அமைதியாயிருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எம்மைப் பற்றிக்கொண்டது. நான்காம் நாள் பண்ணைத் தாம்போதியால் தீவுப்பகுதிக்குச் சென்றோம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவு. அதன் முனையிலே குறிகட்டுவான் துறை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கடலின் நடுவே மிதிக்கும் இன்பத்திற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் அவ்வீதி பஸ்களால் நிறைந்துவிடும். மற்றைய நாட்களில் நீண்ட நேரம் எதிரே எவரும் வரமாட்டார்கள். ஆனால் புங்குடுதீவில் வீதியோரத்து வீடுகளைப் பாருங்கள். தூண்கள் நிற்கின்றன, கூரை இல்லை. முற்றத்தில் வேம்பு வளர்ந்து திண்ணையைப் பிளந்திருக்கிறது. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் போர் அங்கு வந்தபோது வெளிக்கிட்டவர்களிற் பெரும்பாலோர் திரும்பவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அந்த அமைதி அவர்கள் விட்டுப்போனது. தண்ணீர் கேட்டு ஒரு படலையில் மணியடித்தோம். வந்த முதியவர் செம்பை நீட்டுமுன், "நீங்கள் ஆற்றை வீட்டுப் பிள்ளை? எப்ப வந்தனீங்கள்?" என்றார். எவர் வீட்டுப் பிள்ளையுமல்ல என்று நாம் சொன்னபோது அவர் முகம் வாடியதைக் கண்டோம். தீவுகளில் குடிநீர் அருமை. செல்வோர் போத்தலில் வேண்டிய அளவு கொண்டுசெல்லவேண்டும்.

வேறு காரணங்களும் உள. முகமாலைப் பக்கத்தில், 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. அத்தகைய இடங்களில் எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் பூவுக்காகவோ பறவைக்காகவோ வீதியைவிட்டு ஓரடியும் இறங்கலாகாது. மனதுக்கு இதமான காரணம் வேண்டுமெனில், புத்தூரிலிருந்து சரசாலை வழியாக மீசாலைக்குப் போகும் வீதியைச் சொல்வோம். அங்கே வெளியும் நீரும் பறவைகளும் உண்டு. அவசரமுள்ளவர்கள் வேறு வழியாற் போகிறார்கள். அவ்வளவுதான்.

கடைசி நாள் மாலை, சைக்கிளைத் துடைத்துக் கொட்டிலில் வைக்கப்போனோம். தாயார் வந்து கரியரின் வளைந்த கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"அந்தப் பாலத்துக்கு இஞ்சாலை, வலக்கைப் பக்கம், ஒரு சின்ன மதகு. அதடியிலைதான் மெசினை வைச்சனாங்கள். இப்ப அதிலை என்ன நிக்குது?"

"தண்ணீர்தான் அம்மா. ஒரு கொக்கு நின்றது."

"அப்ப கொக்குத்தான் இவ்வளவு காலமும் தைச்சிருக்கும்" என்று சிரித்தார். பிறகு மகனை அழைத்து, மோட்டார்ச் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, அயல்வீட்டுச் சைக்கிளை வாங்கி, விடிய எம்மோடு கூடப் போகும்படி சொன்னார். எமக்குப் பஸ் பத்து மணிக்குத்தான்.

"ஐஞ்சு மணிக்கே வெளிக்கிடுங்கோ" என்றார். "ஏழுக்குப் பிறகு அந்த வெளியிலை காத்து எழும்பிப்போடும்."